மூன்றாவது ஆளின் இஷ்டம்

என்னிடம் சீட்டுப் போடக் கற்றுக்கொள்ள வந்திருக்கும் உங்களில் ஒரு பெண் போன வாரம் கேட்டாள். "சீட்டு இன்னும் கைக்கே வரலை. யாரும் வைன்னு சொல்லலை. அப்புறம் எதுக்கும்மா அந்த சார் டபுளா வெச்சிட்டு உட்கார்ந்திருக்காரு?"

நல்ல கேள்வி. டீ ஆறுவதற்குள் பதில் சொல்லி முடிக்கிற கேள்வி இல்லை, அதனால் எழுதுகிறேன். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்து எனக்கு மெதுவாகத்தான் வரும், சீட்டுதான் வேகமாக வரும். நீங்களும் அவசரப்படாமல் படியுங்கள்.

சீட்டுக் கலைப்பதையும் வெட்டுவதையும் இங்கே சொல்லித்தரப் போவதில்லை. அதைக் கை தானாகக் கற்றுக்கொள்ளும். என் கை ஒக்கலிபுரத்தில் ஊதுபத்தி உருட்டிய கை. அதற்குப் பிறகு, தொண்ணூறுகளில், கண்டோன்மென்ட் பக்கம் ஒரு கிளப்பில் பேன்ட்ரி வேலைக்குப் போனேன். கப் கழுவுவது, டிரே அடுக்குவது. பக்கத்து அறை கார்டு ரூம். இரண்டுக்கும் நடுவே டிரே தள்ளுகிற ஒரு ஜன்னல்.

கார்டு ரூமில் அப்போது எல்லாம் ரம்மிதான். ஆடுகிறவர்களே முறை வைத்துச் சீட்டுப் போட்டுக்கொள்வார்கள். பிறகு எலெக்ட்ரானிக் சிட்டி கம்பெனிகளில் வேலை செய்கிற ஆட்கள் மெம்பர்களாக வந்தார்கள், போக்கர் வந்தது. சனிக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரே ஒரு மேசை. அந்த ஆட்டத்தில் அவர்களே சீட்டுப் போட்டால் சண்டை வந்தது. நீ அடிச்சீட்டைப் பார்த்தாய், நீ சரியாகக் கலைக்கவில்லை என்று. ஆட்டத்தில் சேராத ஒரு கை வேண்டும் என்றார்கள். கப் எடுக்கப் போனபோது சிதறிக் கிடந்த சீட்டை நான் அள்ளி அடுக்கிய விதத்தைப் பார்த்துவிட்டு, "இந்தம்மாவையே போடச் சொல்லலாமே" என்றார் ஒருவர். அப்படித்தான் எனக்கு அந்த நாற்காலி கிடைத்தது.

செக்ரட்டரி சார் முதல் நாளே சொல்லிவிட்டார். "ஒரு மெம்பர் கம்ப்ளெயின்ட் பண்ணாலும் திரும்ப பேன்ட்ரிதாம்மா. அப்புறம் எங்கிட்ட வந்து நிக்கக்கூடாது."

பேன்ட்ரியில் என் பெயர் "ஏ, இந்தா." மேசையில் என் பெயர் சரோஜாம்மா. அந்த நாற்காலி எனக்கு எவ்வளவு பெரிது என்பது உங்களுக்கு இப்போது புரிந்திருக்கும்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். மேசையில் ஒரு வட்டச் சில்லு ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஓர் ஆளாக இடப்பக்கம் நகர்ந்துகொண்டே போகும். அந்தச் சில்லுக்கு அடுத்த இரண்டு பேர் சீட்டு வருமுன்னே பிளாஸ்டிக் காயினை வைத்தே ஆக வேண்டும். முதல் ஆள் பாதி, இரண்டாவது ஆள் முழுசு. அது சட்டம். மூன்றாவது ஆளுக்குச் சட்டம் இல்லை. அவர் இஷ்டப்பட்டால், முதல் சீட்டு என் கையை விட்டுப் போவதற்குள், இரண்டாவது ஆள் வைத்ததைப் போல் இரண்டு மடங்கு வைக்கலாம். அமெரிக்காவிலிருந்து திரும்பிய விவேக் சார் அதை ஸ்ட்ராடில் என்பார். எங்கள் மேசையில் டபுள் பிளைண்ட். வைத்தவருக்கு ஒரே ஒரு லாபம். முதல் சுற்றில் எல்லாரும் பேசி முடித்த பிறகு கடைசியாக அவர் பேசலாம். அதோடு சரி. கையில் வரப்போவது ராஜாவா, ஒன்றுக்கும் உதவாத ரெண்டா என்று அவருக்கும் தெரியாது.

விவேக் சார் கணக்கில் புலி. சாஃப்ட்வேர்காரர். ஒருநாள் காயின் அடுக்கும்போது அவரிடம் கேட்டேன்.

"கணக்குப்படி இது லாபமா சார்?"

"நஷ்டம்தாம்மா. பத்து தடவை வெச்சா பத்து தடவையும் கண்ணைக் கட்டிக்கிட்டு ரோடு கிராஸ் பண்ற மாதிரி."

"அப்புறம் ஏன் சார் வைக்கிறீங்க?"

சிரித்தார். "நல்ல சீட்டு வந்தா மட்டும் ஆடறவன்னு பேர் வந்துச்சுன்னா, நான் கை வெச்ச உடனே எல்லாரும் பேக்னு சீட்டைக் கவுத்துட்டுப் போயிடுவாங்க. நானும் கிறுக்குதான்னு அப்பப்போ காட்டணும். இல்லேன்னா எங்கூட யாரு ஆடுவா?"

இது ஒரு காரணம். மற்றவை என் கண்ணால் பார்த்தவை. தூங்கி வழிகிற மேசையை உசுப்ப வைக்கிறவர் உண்டு. தோற்றதைச் சீக்கிரம் திரும்பப் பிடிக்க வைக்கிறவர் உண்டு. அவருக்குக் கை நடுங்காது, மூச்சுதான் மேலே ஏறும். அப்போது நீங்கள் சீட்டைக் கொஞ்சம் நிதானமாகப் போட வேண்டும். புத்தி சொல்லக்கூடாது, அது நம் வேலை இல்லை. மூச்சு விட நேரம் கொடுப்பது நம் வேலை. வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்து வைக்கிறவரும் உண்டு. பக்கத்தில் இருப்பவர் வைத்துவிட்டாரே என்று வைக்கிறவர்தான் எல்லாரையும்விட அதிகம்.

நஞ்சுண்டப்பா சார் இதில் எதிலும் சேராதவர். லாரி ஆபீஸ் வைத்திருந்தார். பெரிய உடம்பு, பெரிய குரல், கன்னடமும் தமிழும் ஒரே வாக்கியத்தில் வரும். தன் முறை வந்தால் வைத்தே தீருவார். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் நான் சீட்டுக்கட்டைப் பிடித்தபடி மூன்றாவது ஆளைப் பார்த்து "உங்க இஷ்டம் சார்" என்று கேட்பேன். நான் "உங்க" சொல்லும்போதே அவர் காயின் மேசையில் விழுந்திருக்கும். அவர் இருந்தால் அறையில் பேச்சு இருக்கும். அவர் வராத சனிக்கிழமை மேசை பாதியில் கலைந்துவிடும். செக்ரட்டரிக்கும் அது தெரியும்.

அவருக்கு வலப்பக்கம் தாமோதரன் சார். போன் ஃபேக்டரியில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். ஒரு நாளும் டபுள் பிளைண்ட் வைத்ததில்லை. நான் கேட்டால் தலையை லேசாக அசைப்பார், நான் சீட்டுப் போட்டுவிடுவேன். மற்றபடி நன்றாகவே ஆடுவார். தோற்றால் முகம் மாறாது. ஏன் வைப்பதில்லை என்று நான் கேட்டதில்லை. நீங்களும் கேட்காதீர்கள்.

ஒரு சனிக்கிழமை மழை. ஆறு பேர் இருந்தார்கள். நஞ்சுண்டப்பா சார் தொடர்ந்து இரண்டு பெரிய ஆட்டம் ஜெயித்து நல்ல குஷியில் இருந்தார்.

"இவத்து, இன்னிக்கு ஒரு ரூல்," என்றார். "எல்லாரும் அவங்கவங்க முறை வந்தா டபுள் வைக்கணும். ஓகேனா?"

நான்கு பேர் சரி என்றார்கள். தாமோதரன் சார் தன் காயினை அடுக்கிக்கொண்டிருந்தார். இரண்டு ஆட்டம் அப்படியே போனது. மூன்றாவது ஆட்டத்தில் சில்லு நகர்ந்து தாமோதரன் சார் மூன்றாவது ஆளானார்.

"உங்க இஷ்டம் சார்," என்றேன்.

தலையை அசைத்தார்.

"ஏன்ரீ தாமோதரன், காயின் என்னா குட்டி போடுதா? வெளிய விடுங்க," என்றார் நஞ்சுண்டப்பா சார். மேசை சிரித்தது.

"எனக்கு வேணாம் நஞ்சுண்டப்பா. நீங்க ஆடுங்க."

"நாங்க எல்லாரும் வெக்கிறோம். நீங்க மட்டும் ஓசி சவாரியா?"

அதற்கும் சிரித்தார்கள், ஆனால் குறைவாக. தாமோதரன் சாரின் காது சிவந்தது. நஞ்சுண்டப்பா சார் தன் குவியலிலிருந்து காயின் எடுத்து, தாமோதரன் சாருக்கு முன்னால், மேசையில் வரைந்த பந்தயக் கோட்டைத் தாண்டி வைத்தார்.

"தொகொள்ளி சார், நம்ம கொடுகே, பரிசு. நான் உங்களுக்காக வெச்சாச்சு. போடும்மா சீட்டு."

தாமோதரன் சார் அந்தக் காயினைத் தொடவில்லை. தள்ளவும் இல்லை. இரண்டு கையையும் மேசைக்கு அடியில் எடுத்துக்கொண்டார்.

இங்கே நில்லுங்கள். உங்களுக்கும் இப்படி ஒரு நேரம் வரும், அதற்காகத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். சீட்டுக்கட்டு என் கையில். எல்லாரும் என்னைப் பார்க்கிறார்கள். நான் முதல் சீட்டை அனுப்பிவிட்டால் அந்தக் காயின் தாமோதரன் சார் வைத்ததாக ஆகிவிடும். அனுப்பாவிட்டால் நஞ்சுண்டப்பா சாரை எதிர்த்ததாக ஆகும். ஒரு கம்ப்ளெயின்ட் போதும், என் நாற்காலி போய்விடும். சின்னக் காயின்தானே, பெரிய மனுஷர்கள் விளையாட்டுதானே என்று என் கைக்கே தோன்றியது. கட்டைவிரல் மேல்சீட்டைத் தள்ளவும் பார்த்தது.

சீட்டுக்கட்டைக் கீழே வைத்தேன். அந்தக் காயினை இரண்டு விரலால் எடுத்து நஞ்சுண்டப்பா சாரின் குவியலில் திரும்ப வைத்தேன்.

"சார், அவர் கை வெக்கலை. இது டபுள் இல்லை. ரெகுலராப் போடறேன்."

"நான் குடுத்தேன்ம்மா. என் காயின்."

"காயின் உங்களுது சார். முறை அவருது."

யாரும் சிரிக்கவில்லை. நஞ்சுண்டப்பா சாரின் முகம் இறுகியது. இத்தனை நாளில் யாரும் அவர் காயினைத் திருப்பிக் கொடுத்ததில்லை போலிருக்கிறது.

"செக்ரட்டரியைக் கூப்பிடுங்க."

செக்ரட்டரி சார் வந்தார். நடந்ததைக் கேட்டார். எனக்குப் பக்கத்தில் குனிந்து மெதுவாகத்தான் பேசினார். "என்னம்மா இது, ஒரு காயினுக்குப் போய். மெம்பர் ஜாலியா ஏதோ பண்ணாரு. எந்த ரூல்ல இருக்கு, எடுக்கணும்னு?"

"எழுதியிருக்கிறதைப் படிக்க எனக்கு ரொம்ப நேரம் ஆகும் சார். ஆனா இவர் தோத்தா யாரு தோத்தது? ஜெயிச்சா யாரு ஜெயிச்சது? அது தெரியாம நான் எப்படிப் போடறது?"

அவர் நஞ்சுண்டப்பா சாரைப் பார்த்தார். தாமோதரன் சாரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னார். "ஜோசப்பை வரச் சொல்லு. நீ பேன்ட்ரிக்குப் போம்மா."

ஜோசப் பார் கவுண்டரில் இருந்தவன். நல்லவன். மெம்பர் சொன்னால் வெயிலை மழை என்பான், மழையை வெயில் என்பான். நான் எழுந்தேன். சீட்டை அடுக்கி, நாற்காலியை நேராகத் தள்ளிவிட்டுத்தான் எழுந்தேன். அழவில்லை. பேன்ட்ரியில் போய்ப் புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு கப் கழுவினேன். தாமோதரன் சார் காயினைக் கவுண்டரில் கொடுத்துவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போனது ஜன்னல் வழியாகத் தெரிந்தது.

செய்தது சரியா என்று எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. நாற்காலி போனது வலித்தது. இரண்டும் வேறு வேறு. இதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

அதற்குப் பிறகு வந்த சனிக்கிழமைகளில் அந்த ஜன்னல்தான் என் இடம். ஜோசப்பின் மேசையில் டபுள் கட்டாயம். யாரும் யாருக்காகவும் வைக்கலாம், யாரும் கேட்பதில்லை. முதலில் ஒரே கும்மாளம். ஆனால் டபுள் டபுளாகப் போனால் கைக்காயின் சீக்கிரம் கரையும், கரைந்தவர் எழுந்து போவார். நாலு மணி டீ வருமுன்னே மேசையில் மூன்று பேர்தான். கட்டாயம் என்று ஆனதும் வைப்பதில் ஒரு தைரியமும் இல்லாமல் போனது. பஸ் டிக்கெட் எடுப்பதுபோல் வைத்தார்கள். விவேக் சார்கூட தானும் கிறுக்குதான் என்று காட்ட வழியில்லாமல் உட்கார்ந்திருந்தார். எல்லாரும் கிறுக்கு என்றால் யாரும் கிறுக்கில்லையே.

தாமோதரன் சார் வரவே இல்லை.

பிறகு ஒரு சனிக்கிழமை. நஞ்சுண்டப்பா சாருக்கு அன்று ஆரம்பத்திலிருந்தே அடி. முன்னால் சின்னக் குவியல்தான் மிச்சம். லாரி எங்கோ செக்போஸ்டில் நிற்கிறது என்று போன் வந்தது. வராந்தாவுக்குப் போய்க் கத்திப் பேசிக்கொண்டிருந்தார். அதற்குள் அடுத்த ஆட்டம் வந்துவிட்டது. அவர்தான் மூன்றாவது ஆள். விவேக் சார் கொஞ்சமும் கெட்ட எண்ணம் இல்லாமல் நஞ்சுண்டப்பா சாரின் குவியலிலிருந்து டபுள் எடுத்துக் கோட்டைத் தாண்டி வைத்தார். ஜோசப் சீட்டுப் போட்டுவிட்டான். ஆள் இல்லாததால் அவர் சீட்டு இரண்டும் பேக். காயின் மட்டும் நடுவில் போய்ச் சேர்ந்து வேறொருவர் கைக்குப் போனது.

போன் பேசி முடித்து வந்தவர் குவியலைப் பார்த்தார்.

"ஏய், என் காயின் எல்லி? எங்க போச்சு?"

"டபுள் வெச்சோம் சார்," என்றான் ஜோசப்.

"யாரு வெச்சது?"

"நான்தான் சார்," என்றார் விவேக் சார். "உங்க முறை வந்துச்சு."

"நானு ஹேளிதேனாப்பா? நான் சொன்னேனா வைன்னு?"

"நீங்க எப்பவும் வைப்பீங்களே சார்."

நஞ்சுண்டப்பா சார் குவியலை இன்னொரு தடவை பார்த்தார். யாரும் அவரைக் குத்திக் காட்டவில்லை. விவேக் சார் தன் காயினை எடுத்து நீட்டினார், அவர் வாங்கவில்லை. உட்காராமல் நேராக என் ஜன்னலுக்கு வந்தார். அவ்வளவு பெரிய உடம்பு குனிந்து, டிரே தள்ளுகிற இடத்தில் முகத்தைக் காட்டியது.

"ஏனம்மா, கேட்டுட்டுத்தானே இருந்தே?"

"காது இருக்கே சார்."

"பா. வந்து உட்காரு."

"செக்ரட்டரி சார் சொல்லணும்."

"கம்ப்ளெயின்ட் கொடுத்தது நானு. வாபஸ் வாங்கறதும் நானு. அவன் என்னத்தைச் சொல்றது."

நான் கையைத் துடைத்துக்கொண்டேன். அவசரமாகத் துடைக்கவில்லை. நான் கப் கழுவுகிறவளாக அவர் முன்னால் நின்றிருந்தேன், ஆனால் கேட்க வேண்டியதைக் கேட்டுவிட வேண்டும் என்று தோன்றியது.

"வர்றேன் சார். தாமோதரன் சார் நாற்காலி காலியா இருக்கே, அதுக்கு என்ன பண்றது?"

என்னை முறைத்தார். நானும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நானே போன் பண்றேன். சரியா? இன்னும் ஏதாவது ஆர்டர் இருக்கா மேடம்?"

"இல்ல சார். இவ்ளோதான்."

செக்ரட்டரி சார் ஒன்றும் கேட்கவில்லை. மேசை நடந்தால் போதும் அவருக்கு.

அடுத்த சனிக்கிழமை நான் நாற்காலியில் இருந்தேன். ஆறு பேரும் வந்திருந்தார்கள். தாமோதரன் சார் குடையை மூலையில் சாத்திவிட்டுத் தன் பழைய இடத்தில் உட்கார்ந்தார். மன்னிப்பு, கைகுலுக்கல் எதுவும் நடக்கவில்லை. "மழை நின்னுடுச்சா?" என்றார் நஞ்சுண்டப்பா சார். "தூறுது," என்றார் இவர். அவ்வளவுதான் பேச்சு.

சில்லு நகர்ந்து நகர்ந்து தாமோதரன் சார் மூன்றாவது ஆளானார். நான் கேட்டேன். மேசையில் ஒருவர் காதைச் சொறிந்தார், ஒருவர் ஃபேனைப் பார்த்தார், நஞ்சுண்டப்பா சார் சமோசாவை ரொம்ப அக்கறையாகப் பிய்த்தார். தாமோதரன் சார் தலையை அசைத்தார். சீட்டுப் போட்டேன். ஆட்டம் முடிந்தது.

அடுத்த ஆட்டத்துக்குச் சில்லு நகர்ந்ததும் நஞ்சுண்டப்பா சார் மூன்றாவது ஆள். நான் சீட்டுக்கட்டைப் பிடித்துக்கொண்டு அவரைப் பார்த்தேன்.

"உங்க இஷ்டம் சார்."

முழுசாகச் சொல்லி முடித்துவிட்டேன். காயின் விழவில்லை. அவர் கை குவியல் மேல் போய் நின்றது. விரல் ஒரு காயினை எடுத்தது, திரும்ப வைத்தது. மேசை முழுக்க அந்தக் கையையே பார்த்தது. அவசரப்படுத்தாதீர்கள், இந்த மாதிரி நேரத்தில் மட்டும் அவசரப்படுத்தாதீர்கள். நான் தாமோதரன் சாருக்கு நின்ற நேரம் அவருக்கும் நின்றேன்.

"பேடா," என்றார் கடைசியில். "இந்த ஆட்டம் வேணாம்."

"ஒடம்பு சரியில்லையா சார்?" என்றார் விவேக் சார்.

"சும்னிரப்பா. ஒடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு." நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "எல்லாரும் பாக்கறீங்கன்னு இத்தனை நாளா வெச்சிட்டே இருந்தேன். வெக்கலேன்னா என்ன ஆகும்னு பாக்கறேன்."

தாமோதரன் சார் முதல் தடவையாகச் சத்தமாகச் சிரித்தார். "ஒண்ணும் ஆகாது நஞ்சுண்டப்பா. ரெண்டு சீட்டு வரும்."

நான் சீட்டைப் போட்டேன்.